கணக்காளர்கள் கல்லூரிக்கு வரவேண்டும்

களுபோவிலையிலுள்ள கொழும்பு தெற்கு போதனா வைத்தியசாலையின் முன்னால் நாளாந்தம் பயணம் செய்வோர் அதன் பெயரிலுள்ள 'போதனா' என்ற சொல்லைப் பெரிதும் கவனிப்பதில்லை. காலை வேளையில் நோயாளர் விடுதிகளைச் சுற்றிவரும் மருத்துவ நிபுணரின் பின்னால் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தின் மருத்துவ மாணவர்கள் குறிப்பேடுகளுடன் நடந்து செல்கின்றனர். கட்டிலருகே நின்று நோயாளியின் நாடியைப் பார்ப்பவரே அந்த மாணவர்களுக்கு நோயின் இயல்பையும் விளக்குகிறார். சிகிச்சை அளிப்பவரும் கற்பிப்பவரும் அங்கு ஒருவரே. மருத்துவம் செய்தறியாத ஒருவர் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மருத்துவம் கற்பிப்பதை எவரும் ஏற்கமாட்டார்.

கணக்கீட்டுக் கல்வியிலோ நாம் இந்த நியாயத்தை மறந்துவிட்டோம். கம்பனிகளின் நிதிப் பிரிவுகளிலும் கணக்காய்வு நிறுவனங்களிலும் இருபது ஆண்டுகள் உழைத்தவர்கள் ஒரு புறத்திலும், கணக்கீடு கற்பிப்போர் பெரும்பாலும் மறு புறத்திலும் நிற்கின்றனர். இரு தரப்பினருக்கும் இடையிலுள்ள கதவு முற்றாக மூடப்பட்டதன்று. ஆனால் அது எங்கே இருக்கிறது, யார் திறப்பார், உள்ளே நுழைந்தால் என்ன கிடைக்கும் என்பன பலருக்குத் தெரிவதில்லை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, களுபோவில ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ், முஸ்லிம் கணக்காளர்கள் நாற்பது வயதைத் தாண்டும்போது தமக்குள்ளேயும் நண்பர்களிடமும் கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. நாமும் ஒரு காலத்தில் இதையே கேட்டு, நிறுவனப் பணியை விட்டு விரிவுரை மண்டபத்துக்குச் சென்றவர்கள் என்பதால், அறிந்தவற்றை எழுதிவைப்பது பயனுடையதெனக் கருதுகிறோம்.

உயர்ந்த உத்தியோகத்தை விட்டுக் கல்விப் பணிக்குச் செல்வது நம்மவர்களுக்குப் புதியதல்ல. 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, யாழ். இந்துக் கல்லூரியிற் கற்ற ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1935 இல் இலங்கை சிவில் சேவையில் இணைந்தார். அச்சேவையில் இடம்பெற்ற முதலாவது முஸ்லிம் அவரே. அக்காலத்தில் சிவில் சேவையைவிட உயர்ந்த உத்தியோகம் எதுவும் இருந்ததாக எந்தப் பெற்றோரும் எண்ணியதில்லை. 1942 இல் கல்முனைக்கு அனுப்பப்பட்ட அவர் அங்குள்ள பிள்ளைகளின் கல்வி நிலையை நேரிற் கண்டார். 1945 இல் இலங்கை முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியம் உருவாவதற்கு முன்னின்று உழைத்தார். 1948 இல், முப்பத்தேழாவது வயதில், சிவில் சேவையைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1961 வரை அப்பதவியில் இருந்தார். அவர் கணக்காளர் அல்லர் என்பது உண்மையே. எனினும், நிலையான சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் அதிகாரத்தையும் ஒரு தட்டிலும் பாடசாலை ஒன்றை மறு தட்டிலும் வைத்து நிறுத்துப் பார்த்த ஒருவரின் முடிவு அது. இன்று அதே தராசின் முன் நிற்கும் நிதி முகாமையாளருக்கு அவரது வாழ்க்கையில் ஒரு குறிப்பு உண்டு. அவர் சலிப்பினால் வெளியேறியவரல்லர். பதவியில் இருந்த காலத்திலேயே கல்வி முயற்சிகளில் ஈடுபட்டு, தாம் செல்லவிருக்கும் இடத்தை நன்கு அறிந்த பின்பே சென்றார்.

இதனை அழுத்திக் கூறுவதற்குக் காரணம் இருக்கிறது. கம்பனிக் கணக்காளர்கள் கற்பித்தலை விரும்புவதற்குப் பெரும்பாலும் முதற் காரணம் களைப்பே. மாத முடிவு, காலாண்டு முடிவு, மார்ச் 31 இல் நிதியாண்டு முடிவு, அதன் பின்னர் கணக்காய்வாளரின் கேள்விகள், வரி அறிக்கைகள், அடுத்த ஆண்டுக்கான பாதீடு என்று ஆண்டு முழுவதும் ஒரே சக்கரம் சுழல்கிறது. இரவு ஒன்பது மணிக்கு அலுவலக விளக்கின் கீழ் இருப்பவருக்குக் கல்லூரி ஒரு நிழல்மரம்போலத் தோன்றுவது இயல்பே. அந்த எண்ணத்துடன் வருபவர் ஓராண்டுக்குள் திரும்பிவிடுவார். முதன் முறையாகக் கற்பிக்கும் பாடமெனின், ஒரு மணித்தியால விரிவுரைக்கு ஐந்தாறு மணித்தியால ஆயத்தம் தேவைப்பட்டதை நாம் அனுபவத்திற் கண்டோம். விடைத்தாள் திருத்தும் வாரங்கள் நிதியாண்டு முடிவு வாரங்களுக்குச் சற்றும் இளைத்தவையல்ல. வேறுபாடு ஒன்றுதான்: அலுவலகத்தில் வேலையைப் பகிர்ந்துகொடுக்க உதவியாளர்கள் இருந்தனர், இங்கு எவருமில்லை.

வருமானத்தைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசவேண்டும். நிறுவனம் வழங்கிய வாகனமும் எரிபொருட் கொடுப்பனவும் ஆண்டிறுதி மிகையூதியமும் போய்விடும். வருகைதரு விரிவுரையாளராகத் தொடங்குபவருக்கு மணித்தியாலக் கணக்கிலேயே கொடுப்பனவு கிடைக்கும். பரீட்சைக் காலத்திலும் விடுமுறையிலும் அதுவும் இராது. தொழில்தருநர் செலுத்தும் 12 சதவீத ஊழியர் சேமலாப நிதியும் 3 சதவீத ஊழியர் நம்பிக்கை நிதியமும் வழக்கமாக இவருக்கு இல்லை. பிறரது நிறுவனங்களுக்குக் காசுப் பாய்ச்சற் கூற்றுத் தயாரித்தவர்கள் தமது குடும்பத்துக்கு அதனைத் தயாரிக்காமலே இராஜினாமாக் கடிதம் கொடுப்பதை நாம் கண்டிருக்கிறோம். வீட்டுக் கடன், பிள்ளைகளின் கட்டணம், பெற்றோரின் மருத்துவச் செலவு ஆகியவற்றை முன்வைத்து இரண்டு ஆண்டுகளுக்காவது கணக்குப் பார்த்த பின்பே இத்தீர்மானம் எடுக்கப்படவேண்டும். கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து பார்க்கவேண்டிய கணக்கு இது.

அடுத்து, கதவு எங்கே இருக்கிறது என்ற விடயம். அரச பல்கலைக்கழகங்கள் 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அங்கு நிரந்தர விரிவுரையாளர் நியமனத்துக்கு இளமாணிப் பட்டமும் அதிற் பெற்ற வகுப்புமே முதலிற் பார்க்கப்படும். அதன் பின்னர் முதுமாணி, கலாநிதிப் பட்டங்களும் ஆய்வு வெளியீடுகளும் பதவி உயர்வைத் தீர்மானிக்கும். 1959 ஆம் ஆண்டின் 23 ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் உறுப்புரிமையை ஒருவர் எவ்வளவு கடினமான பரீட்சைகளின் மூலம் பெற்றிருந்தாலும், இருபது ஆண்டு அனுபவம் எவ்வளவு கனதியானதாக இருந்தாலும், பல்கலைக்கழக ஏணியில் அவை ஆய்வேட்டின் இடத்தை நிரப்புவதில்லை. உயர்தரம் முடித்தவுடன் சீமா அல்லது ஏ.சி.சி.ஏ. கற்று, பட்டமே பெறாமல் நிதிப் பணிப்பாளராக உயர்ந்தவர்கள் நம்மிடையே பலர். அவர்களுக்கு இந்தக் கதவு நடைமுறையில் மிகவும் ஒடுங்கியது. நாற்பது வயதில் முதுமாணிப் பட்டம் கற்கத் தயாரானவர்களுக்கு அது சற்று அகலமாகிறது.

தனியார் உயர்கல்வி நிறுவனங்களின் நிலை வேறு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களை இங்கு வழங்கும் நிறுவனங்கள் கொழும்பிலும் அதன் புறநகர்களிலும் பெருகியுள்ளன. அவை தொழில் அனுபவத்தை விரும்புகின்றன. எனினும் முதுமாணிப் பட்டத்தையும் பெரும்பாலும் எதிர்பார்க்கின்றன. தொழில்வாண்மைப் பரீட்சைகளுக்குப் பயிற்றும் வகுப்புகள் மூன்றாவது கதவு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாலை வேளைகளிலும் சனி, ஞாயிறு தினங்களிலும் நடைபெறும் இவ்வகுப்புகளில் தகைமைச் சான்றிதழைவிடச் சித்தியடைந்தோர் தொகையே பேசும். கௌரவம் குறைவென்று சிலர் இதனை ஒதுக்குகின்றனர். எமது கருத்து அதற்கு நேர்மாறானது. கற்பிக்கத் தெரியுமா என்பதை ஒருவர் தாமே அறிந்துகொள்வதற்கு இதைவிடச் சிறந்த இடம் இல்லை.

நாம் அறிந்துகொண்டதும் அங்கேதான். முதலாவது மாலை வகுப்புக்கு நாம் பெரும் ஆயத்தத்துடன் சென்றிருந்தோம். நிதிக்கூற்றுக்களின் அமைப்பு, அட்டுறு எண்ணக்கரு, நியமங்களின் வரலாறு என ஒன்றரை மணித்தியாலம் தடையின்றிப் பேசினோம். இறுதியிற் கேள்வி ஏதேனும் உண்டா என்றதும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், வரவு என்றால் வருகிறது, செலவு என்றால் போகிறது. கடை வாடகை கட்டினால் காசு போகிறதுதானே? பிறகு ஏன் வாடகைக் கணக்கை வரவு வைக்கிறோம்?" என்று கேட்டான். நூற்றுக்கணக்கான கோடி ரூபாவுக்குக் கணக்கு முடித்த எமக்கு அந்த இடத்தில் விடை வரவில்லை. "அது விதி" என்று சொல்லிச் சமாளித்தோம். அவன் அமர்ந்தான், ஆனால் ஏற்றுக்கொண்டு அமரவில்லை என்பது முகத்திலே தெரிந்தது.

அன்றிரவு களுபோவிலைக்குத் திரும்பும்போது பேருந்தில் அந்தக் கேள்வியே எம்முடன் வந்தது. இருபது ஆண்டுகளாக நாம் அதனைச் செய்திருக்கிறோம். ஒரு நாளும் விளக்கியதில்லை. அலுவலகத்தில் கணினி விளக்கம் கேட்பதில்லை. பின்னர்தான் அந்தக் குழப்பத்தின் வேர் சொல்லிலேயே இருப்பதைக் கண்டோம். இலங்கையின் தமிழ்ப் பாடநூல்கள் கணக்கின் இடப்பக்கத்தை 'வரவு' என்றும் வலப்பக்கத்தைச் 'செலவு' என்றும் அழைக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களிலோ இடப்பக்கம் 'பற்று', வலப்பக்கம் 'வரவு'. அதாவது, ஒரே 'வரவு' என்ற சொல் பாக்கு நீரிணையின் இக்கரையில் இடப்பக்கத்தையும் அக்கரையில் வலப்பக்கத்தையும் குறிக்கிறது! இணையத்தில் தமிழ்நாட்டு விளக்கத்தைத் தேடிப் படிக்கும் நமது மாணவன் தலையைப் பிய்த்துக்கொள்வதில் வியப்பில்லை.

இரண்டும் சரியானவையே. யாருடைய இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதே வேறுபாடு. இலங்கை வழக்கு அந்தந்தக் கணக்கின் இடத்தில் நின்று பேசுகிறது. வாடகை கட்டும்போது வாடகைக் கணக்கு ஒரு பெறுமதியைப் பெறுகிறது. எனவே அதற்கு வரவு. காசுக் கணக்கு கொடுக்கிறது. எனவே அதற்குச் செலவு. தமிழ்நாட்டு வழக்கு வியாபாரியின் இடத்தில் நின்று பேசுகிறது. எதிரிலிருப்பவர் எம்மிடம் பெற்றது அவருடைய பற்று. அவரிடமிருந்து எமக்கு வந்தது வரவு. இதே தெளிவு வங்கிக் கூற்றைப் பார்க்கும்போதும் உதவும். நமது ஏட்டில் வங்கிக் கணக்குக்கு வரவாக உள்ள தொகை வங்கியின் கூற்றில் மறுபக்கத்தில் இருப்பது வங்கி தவறிழைத்ததால் அன்று. அந்த ஏட்டை எழுதுபவர் வங்கி என்பதால். பரீட்சை மீதி அங்கே 'இருப்பாய்வு' ஆவதும், பெறுமானத் தேய்வு 'தேய்மானம்' ஆவதும், ஐந்தொகை 'இருப்புநிலைக் குறிப்பு' ஆவதும் இதனோடு ஒப்பிடுகையில் சிறு தொல்லைகளே.

இதனை விரிவாகக் கூறுவதற்குக் காரணம், தமிழ்மொழி மூலம் கற்ற மாணவருக்கு அடுத்த கட்டத்தில் நேரும் இடர்ப்பாடு இதைவிடப் பெரியது என்பதே. உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் ஆகிய பாடங்களைத் தமிழிற் கற்று மூன்று 'ஏ' சித்திகளுடன் வரும் மாணவி, சீமா அல்லது ஏ.சி.சி.ஏ. வகுப்பில் ஆங்கிலத்தை மட்டுமே எதிர்கொள்கிறாள். பல்கலைக்கழக முகாமைத்துவ பீடங்களிலும் இன்று ஆங்கிலமே கோலோச்சுகிறது. அவளுக்குக் கணக்கு தெரியும். 'ஐயக்கடன் ஏற்பாடு' என்றாற் கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். ஆனால் அதே விடயம் ஆங்கிலத்தில் அரைப்பக்கக் கதையாக வரும்போது எந்தத் தொகை எங்கே போகிறதென அறியாது திகைப்பாள். இவ்வாறு திகைத்தவர்களுட் பலர் இரண்டு பரீட்சைகளிற் சித்தியெய்தாமற் போனதும் தமக்குத் திறமை இல்லையென்று முடிவுகட்டி விலகிவிடுகின்றனர். உண்மையில் அவர்களிடம் இல்லாதது இரு மொழிகளிலும் கணக்கை அறிந்த ஓர் ஆசிரியரே. கம்பனியில் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதி, வீட்டிலே தமிழிற் பேசி, புறக்கோட்டை வியாபாரியுடன் இரு மொழியும் கலந்து கணக்குப் பார்த்த கணக்காளரே அந்த ஆசிரியராக இருக்கத் தக்கவர். சிங்களமும் அறிந்தவராயின் இன்னும் நன்று.

தொழில் அனுபவம் வகுப்பறையில் எவ்வாறு பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கணக்கீட்டுப் பாடத்திட்டத்தில் மாணவர்கள் மிகவும் சலிப்படையும் பகுதி வங்கிக் கணக்கிணக்கக் கூற்று. காசோலை வழங்கப்பட்டது, இன்னும் முன்வைக்கப்படவில்லை. வங்கிக் கட்டணம் ஏட்டிற் பதியப்படவில்லை. இரண்டையும் இணக்கினால் மீதி சரி. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் 2009 ஜனவரி 7 ஆம் திகதி இந்தியாவின் சத்யம் நிறுவனத் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய ஒப்புதற் கடிதத்தை அவர்கள் முன் வைத்துப் பாருங்கள். ஏட்டில் காசும் வங்கி மீதியுமாக 5,361 கோடி இந்திய ரூபா காட்டப்பட்டிருந்தது. அதில் 5,040 கோடி இல்லாத பணம். அந்த நிறுவனத்தின் ஐந்தொகையில் இரு பக்கமும் சமனாகவே இருந்தன. பரீட்சை மீதி இணங்கியிருந்தது. இணங்காதது வங்கியில் உண்மையாக இருந்த பணம் மட்டுமே. வங்கி மீதியை உறுதிப்படுத்தும் கடிதம் வங்கியிடமிருந்து நேரடியாகக் கணக்காய்வாளருக்கு வரவேண்டும், நிறுவனத்தின் கை வழியாக வரக்கூடாது என்ற சிறிய நடைமுறை ஏன் இருக்கிறதென்பதை அதன் பின்னர் எந்த மாணவனும் மறக்கமாட்டான். நமது நாட்டிலேயே 2008 டிசம்பரில் கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி சரிந்தபோது ஆயிரக்கணக்கான வைப்பாளர்கள் தமது சேமிப்பை இழந்து நின்றனர். வைப்புகளைப் பெறுவதற்கு மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் அந்தக் கம்பனிக்கு இருக்கவில்லை. உயர்ந்த வட்டியைக் கண்டவர்கள் அதைக் கேட்கவில்லை. இதை ஒரு கணக்கீட்டு வகுப்பில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

ஒரு பக்கக் குறிப்பு. இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கிய முதல் நூல் 1494 இல் வெனிஸ் நகரில் வெளியானது. அதனை எழுதிய லூக்கா பசியோலி ஒரு கணித ஆசிரியர், துறவியுமாவார். இளமையில் அவர் வெனிஸ் வணிகர் ஒருவரின் வீட்டில் தங்கி, வணிகரின் பிள்ளைகளுக்குக் கற்பித்து, அங்கேயே வணிகக் கணக்கை நேரிற் கண்டவர். கடையிலிருந்து வகுப்பறைக்கு வந்த அறிவாகவே கணக்கீடு தொடக்கத்தில் இருந்தது.

அனுபவசாலிகளிடம் உள்ள குறைகளையும் மறைக்கக்கூடாது. முதலாவது, கதை. கம்பனிக் கதைகளைச் சொல்லத் தொடங்கினால் மணி அடிக்கும்வரை நிறுத்தமாட்டார்கள். மாணவர்கள் மகிழ்வார்கள், பரீட்சையில் தோற்பார்கள். இரண்டாவது, தேக்கம். இலங்கைக் கணக்கீட்டு நியமங்கள் 2012 ஜனவரி முதலாம் திகதி தொடக்கம் சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமங்களுடன் ஒருங்கிணைக்கப்பட்டன. அதன் பின்னரும் குத்தகை, வருமான ஏற்பு போன்றவற்றில் பெரிய மாற்றங்கள் வந்துள்ளன. ஒரே கைத்தொழிலில் இருந்தவருக்குத் தம் கம்பனிக்குத் தேவைப்பட்ட நியமங்கள் மட்டுமே கைவந்திருக்கும். ஏனையவற்றை அவர் மாணவனைப்போல மீண்டும் கற்கவேண்டும். மூன்றாவது, பொறுமை. அலுவலகத்தில் ஒரு முறை சொன்னால் வேலை நடக்கும். இங்கு அதே விடயத்தை நான்கு விதமாகச் சொல்லவேண்டும். ஐந்தாவது முறை கேட்பவனை முட்டாளென்று எண்ணாதிருக்கவும் வேண்டும். எமக்கு இதுவே மிகக் கடினமாக இருந்தது. கல்வியுலகில் முறையாக வளர்ந்த விரிவுரையாளர்களிடம் நாம் கற்றுக்கொண்டதும் இதையே. அவர்களது ஆய்வுப் பயிற்சியைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஒரு கொள்கை ஏன் அவ்வாறு அமைந்தது என்று கேட்கும் பழக்கம் அவர்களிடமே உண்டு. எப்படிச் செய்வது என்று மட்டுமே நாம் அறிந்திருந்தோம்.

ஏனைய நாடுகள் இந்த இடைவெளியை எவ்வாறு அணுகின? அமெரிக்காவில் கணக்கீட்டுக் கலாநிதிகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கணக்காய்வு நிறுவனங்களே 2008 இல் 17 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட நிதியைத் திரட்டின. கணக்காய்விலும் வரித்துறையிலும் பணியாற்றியவர்களைத் தேர்ந்து, கலாநிதிப் பட்டம் கற்கும் காலத்தில் அவர்களுக்கு உதவித்தொகை வழங்குவதே அத்திட்டம். தமக்கு ஆட்கள் வேண்டுமெனின், ஆட்களைப் பயிற்றுவோரும் வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்திருந்தது. இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு 2022 இல் வேறு வழியைத் தேர்ந்தது. ஒரு துறையில் குறைந்தது 15 ஆண்டு அனுபவமுள்ளவரைக் கலாநிதிப் பட்டமின்றியே 'நடைமுறைப் பேராசிரியர்' என்ற பதவியில் அமர்த்தலாம். அங்கீகரிக்கப்பட்ட பதவிகளில் 10 சதவீதத்தை இவர்கள் விஞ்சக்கூடாது. பணிக்காலம் மூன்று ஆண்டுகள், விதிவிலக்காக நான்கு. வரம்புடன் கூடிய திறப்பு அது. நிரந்தர விரிவுரையாளர்களின் இடத்தைப் பறிக்காமல் அனுபவசாலிகளுக்கு இடமளிக்கும் அந்த முறையில் நாம் கவனிக்கத்தக்கது உண்டு.

எமது நாட்டுக்கு எமது பரிந்துரை களுபோவிலை வைத்தியசாலையின் வாயிலிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மருத்துவ நிபுணர் கற்பிப்பதற்காக வைத்தியத்தை விடுவதில்லை. அதுபோலக் கணக்காளர் வாரத்தில் மூன்று நாள் நிறுவனத்திலும் இரண்டு நாள் கல்லூரியிலும் பணியாற்றும் கூட்டு நியமனம் ஏன் இயலாது? கம்பனிகளுக்கும் இதில் நட்டமில்லை. நல்ல பயிலுநர்களை முதலில் இனங்காண்பவர்கள் அவர்களே. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் கணக்காளர்களும் விரிவுரையாளர்களும் நாட்டை விட்டு வெளியேறிய நிலையில், ஒருவரையே இரு இடங்களிலும் பயன்படுத்துவது சிக்கனமும் ஆகும். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம், யாழ்ப்பாணம், கிழக்கு, 2021 இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா ஆகியவற்றின் மாணவர்களுக்குக் கொழும்புக் கணக்காளரின் விரிவுரை இன்று இணையவழியிலும் சென்றடையலாம். பெருந்தொற்றுக் காலத்தில் கற்ற அந்தப் பாடத்தை நாம் மிக விரைவிற் கைவிட்டுவிட்டோம்.

இந்த வழி பெண்களுக்கும் பயன்தரும். பட்டயக் கணக்காளர்களாகத் தகைமை பெற்று, பிள்ளைகள் பிறந்ததும் இரவு நேர அலுவலகப் பணியைத் தொடரமுடியாமல் வீட்டில் இருக்கும் தமிழ், முஸ்லிம் பெண்கள் தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கின்றனர். அவர்களது அறிவு ஏட்டிற் பதியப்படாத சொத்தாகக் கிடக்கிறது. பகல் வேளையில் நான்கு மணித்தியாலம் கற்பிக்க இடமளிக்கும் நிறுவனம் ஒன்று இருந்தால் அவர்களுட் பலர் முன்வருவர்.

முஸ்லிம் வாசகர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியது என்பதை அவர்கள் அறிவர். ஸகாத் கணக்கிடுவதற்கு வணிக இருப்பையும் வரவேண்டிய கடன்களையும் சரியாகப் பெறுமதியிட வேண்டும். இரண்டரை சதவீதம் என்பது இலகு, எதன்மீது இரண்டரை என்பதே கணக்கு. 2005 இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு இஸ்லாமிய வங்கி முறைக்கு இடமளிக்கப்பட்டது. 2011 இல் அமானா வங்கி தொழிற்படத் தொடங்கியது. ஆனால் முறாபஹா, இஜாரா ஒப்பந்தங்களை ஏட்டில் எவ்வாறு பதிவதென்று கற்பிக்கக்கூடியவர்கள், அவற்றை வங்கியிற் பதிந்தவர்களே. அவர்கள் வகுப்பறைக்கு வராதவரை அப்பாடம் மொழிபெயர்த்த குறிப்புகளாகவே இருக்கும்.

இராஜினாமாக் கடிதத்தை எழுதிப் பையில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அதனைக் கொடுப்பதற்கு முன் ஒரு தவணைக்காலம் சனிக்கிழமைகளில் எங்காவது கற்பித்துப் பாருங்கள். ஏ.ஏ.ரி. போன்ற ஆரம்பநிலைப் பரீட்சைகளைத் தமிழிலும் எழுதலாம் என்பதால், அந்த வகுப்புகளில் உங்கள் தேவை அதிகம். பாடத்திட்டத்தையும் கடந்த ஐந்தாண்டு வினாத்தாள்களையும் முதலிற் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் மிகவும் பின்தங்கியவர் யார் என்று மூன்றாவது வாரத்திற் கேட்டால் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். தெரியாவிடின் இன்னொரு தவணை பொறுத்திருங்கள். முதுமாணிப் பட்டத்துக்கு விண்ணப்பிப்பதும் அந்த இடைவேளையிலே ஆகட்டும்.

பின்வரிசை மாணவனின் கேள்வியை நாம் இப்போது முதலாவது வகுப்பிலேயே நாமாகக் கேட்கிறோம். அண்மையில் கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் ஒரு மாணவி அதற்கு உடனே விடை சொன்னாள். அவளது தந்தை சிறிய இரும்புக்கடை ஒன்றை நடத்துபவர். "அப்பாவின் கொப்பியில் ஆளுக்கொரு பக்கம் இருக்கு சேர். கடனுக்குச் சாமான் எடுத்தால் அந்த ஆளின் பக்கத்தில் இடது பக்கம் எழுதுவார், காசு தந்தால் வலது பக்கம். அந்த ஆளுக்கு வந்தது இடது, அவரிடமிருந்து போனது வலது" என்றாள். அடுத்த வாரம் அந்தக் கொப்பியைக் கொண்டுவரும்படி கேட்டோம். கொண்டுவந்தாள். வாடிக்கையாளர்களின் பெயர்களைக் காகிதத்தால் மறைத்துவிட்டு, அன்றைய வகுப்பு முழுவதையும் அதை வைத்தே நடத்தினோம்.